கண்ணுக்குத் தெரியாத உழைப்பாளிகள் – 14: செல் சிந்திய இனோசின்

சென்ற இதழில் குளூட்டமிக் அமிலத்தின் கதையைப் பார்த்தோம். 1956இல் ஜப்பானின் கியோவா ஹாக்கோ நிறுவனத்தார் கண்டெடுத்த பாக்டீரியா, பயோட்டின் என்ற வைட்டமினைக் குறைத்துக் கொடுத்தாலே போதும், அமிலத்தைத் தானாக வெளியே விட்டது. அந்தக் குணம் அதன் பிறவியிலேயே இருந்தது. ஆய்வாளர்கள் செய்ததெல்லாம் அதைத் தேடிப் பிடித்ததுதான்.

இந்த இதழில் வரும் பொருளுக்கு அந்த வசதி இல்லை. நியூக்ளியோசைடுகளை எந்த உயிரும் வாரி இறைப்பதில்லை. ஒரு சர்க்கரை, அதன்மேல் நைட்ரஜன் கலந்த ஒரு வளையம்: இதுதான் நியூக்ளியோசைடு. அதோடு பாஸ்பேட் ஒட்டினால் நியூக்ளியோடைடு. ஆர்என்ஏ, டிஎன்ஏ இரண்டும் நியூக்ளியோடைடுகளைக் கோத்த சங்கிலிகள்தான். இவற்றில் பியூரின் வகையைச் செய்ய ஒரு செல் பத்துப் படிகள் ஏறுகிறது, வழிநெடுக ஆற்றலைச் செலவழிக்கிறது. அதனால் தேவைக்கு மேல் துளியும் செய்யாதபடி கட்டுப்பாட்டின்மேல் கட்டுப்பாடாகத் தனக்கே விதித்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட செல்லைத்தான் இனோசின் என்ற பியூரின் நியூக்ளியோசைடை லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் வெளியே கொட்ட வைத்தார்கள். மரபணுப் பொறியியல் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே இந்த வேலையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது. உயிர்த்தொழில்நுட்ப வரலாற்றை 1970களில் தொடங்குகிறவர்கள் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய அநியாயமாகவே படுகிறது.

மாசியின் ருசி

கதை மீனில் தொடங்குகிறது. தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கத்திலும் இலங்கை முழுவதிலும் மாசிக் கருவாட்டைத் தெரியாதவர்கள் இல்லை. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டை போல இறுகும்வரை காயவைத்த சரக்கு அது. மாலத்தீவிலிருந்தும் லட்சத்தீவிலிருந்தும் வருவது. இடித்துப் போட்டால் சம்பலின் ருசியே வேறு. ஜப்பானியர் அதே சூரையைத்தான் கட்சுவோபுஷி என்று செய்கிறார்கள். அவர்கள் கூடுதலாகப் பூஞ்சை பிடிக்கவைத்து மேலும் உலர்த்துவார்கள். அதைச் சீவி வெந்நீரில் போட்டு இறக்கும் சாறுதான் அவர்கள் சமையலுக்கு அடிப்படை.

டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் கிகுனே இகெடா 1908இல் கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அதன் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கடற்பாசிச் சாற்றில் குளூட்டமேட் என்றால், மீன் சாற்றில் எது? இகெடாவின் மாணவர் ஷிந்தாரோ கொடாமா 1913இல் விடை சொன்னார்: இனோசினிக் அமிலம். அது புதிய பொருளும் அல்ல. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1847லேயே மாட்டிறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான். நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் நிறுவனத்தின் லெவீன் அதன் அமைப்பையும் ஆராய்ந்து வைத்திருந்தார். ருசியோடு அதை இணைத்தவர் கொடாமா.

இனோசினிக் அமிலம் மீனில் எப்படி வருகிறது? உயிரோடிருக்கும்போது தசையில் நிறைந்திருப்பது ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு. மீன் செத்ததும் அது படிப்படியாகச் சிதைந்து இனோசினிக் அமிலத்தில் வந்து நிற்கிறது. அந்த நிலையில் மீன் ருசியின் உச்சத்தில் இருக்கும். பிறகு பாஸ்பேட் கழன்று இனோசின் ஆகிறது, ருசி போய்விடுகிறது. கடைசியில் ஹைப்போசாந்தின், அப்போது கசப்பு. சந்தையில் மீனின் பழசு புதுசைக் கண்டறிய ஜப்பானியர் இந்த மூன்றின் விகிதத்தையே அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். பாஸ்பேட் இருந்தால் ருசி, கழன்றால் இல்லை: கதையின் பின்பாதிக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடாமாவின் கண்டுபிடிப்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்தது. ஆசிரியரின் குளூட்டமேட் அடுத்த ஆண்டே அஜினோமோட்டோ என்று புட்டியில் ஏறி விற்பனைக்கு வந்துவிட்டது. மாணவரின் பொருளுக்கு மூலம் மீன் மட்டுமே. மீனை உரித்து ருசிப்பொடி விற்றால் யாருக்குக் கட்டும்?

சோயா சாறு ஊரில் ஒரு ஆய்வாளர்

டோனே ஆறு பசிபிக் பெருங்கடலில் கலக்கும் இடத்தில் சோஷி என்ற ஊர் இருக்கிறது. 1645இல் தொடங்கிய யமசா சோயா சாறு நிறுவனம் அங்கேதான். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நொதித்தல் துறையின் மேதை கின்இசிரோ சகாகுச்சியிடம் பயின்ற அகிரா குனினாகா அங்கே வேலைக்கு வந்தார். அவர் கையில் எடுத்தது ஆர்என்ஏ. ஈஸ்ட் செல்லில் அது ஏராளம். காகித ஆலைக் கழிவுச் சாற்றில்கூட வளரும் கேண்டிடா ஈஸ்டின் உலர் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆர்என்ஏதான். அதைத் துண்டித்தால் நியூக்ளியோடைடுகள் கிடைக்கும். மீன் வேண்டாம், கடல் வேண்டாம்.

வழக்கமான முறை காரத்தில் போட்டு ஆர்என்ஏயைச் சிதைப்பது. அப்படிக் கிடைத்த நியூக்ளியோடைடுகளில் ருசியே இல்லை. கொடாமா சொன்னது தவறா? குனினாகா அப்படி விட்டுவிடவில்லை. நியூக்ளியோசைடின் சர்க்கரையில் பாஸ்பேட் மூன்று இடங்களில் ஒட்டலாம்: இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது கார்பன். காரம் வெட்டினால் பாஸ்பேட் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ நிற்கிறது. மீனில் இருப்பதோ ஐந்தாவதில். ஒவ்வொன்றையும் தனியே எடுத்துச் சுவைத்துப் பார்த்து, ஐந்தாவது இடத்தில் ஒட்டினால்தான் நாக்குக்குத் தெரிகிறது என்று நிறுவினார். வளையத்திலும் ஒரு நிபந்தனை இருந்தது. இனோசின், குவானோசின் வகைகளுக்கு ருசி உண்டு. அடினோசின் வகைக்கு ஏறக்குறைய இல்லை. யூரிடின், சைடிடின் வகைகளுக்கு அறவே இல்லை. குவானிலிக் அமிலத்தின் ருசியை அவர் கண்டது 1957 வாக்கில். உலர்ந்த ஷீட்டாகே காளானின் ருசிக்கும் அதுவே காரணம் என்பது பின்னர் தெரிந்தது.

அதைவிடப் பெரியது அடுத்த கண்டுபிடிப்பு. குளூட்டமேட்டோடு இந்த நியூக்ளியோடைடைச் சேர்த்தால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. இரண்டையும் சம அளவில் கலந்தால், அதே எடை குளூட்டமேட் தருவதைப் போலச் சுமார் 7, 8 மடங்கு ருசி. கடற்பாசியையும் மீனையும் ஒன்றாகப் போட்டுச் சாறு இறக்கிய ஜப்பானியப் பாட்டிமார்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவந்தது இதைத்தான். 2008இல் நாக்கின் ஏற்பியை ஆராய்ந்தவர்கள் காரணத்தையும் கண்டார்கள். ஏற்பியின் இரு மடல்களுக்கு நடுவே குளூட்டமேட் போய் உட்காருகிறது. மடல்கள் மூடுகின்றன. நியூக்ளியோடைடு அந்த வாயருகே ஒட்டிக்கொண்டு, மூடிய மடல்கள் சீக்கிரம் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆர்என்ஏயை ஐந்தாவது இடத்தில் பாஸ்பேட் நிற்கும்படி வெட்டும் நொதி பாம்பு விஷத்தில் இருப்பது அப்போது தெரிந்திருந்தது. விஷத்தை வைத்து ஆலை நடத்த முடியாது. பூஞ்சைகளிடம் தேடிப்போன குனினாகா குழுவுக்கு, பெனிசீலியம் சிட்ரினம் என்ற பூஞ்சையில் அந்த நொதி கிடைத்தது. அதில் ஒரு சிக்கல். பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் வேறு நொதிகளும் கூடவே வந்தன. கழன்றால் ருசி போச்சு. ஆனால் வேண்டிய நொதி சூட்டைத் தாங்கும். 65, 70 பாகை செல்சியஸில்கூட மும்முரமாக வெட்டும். அந்தச் சூட்டில் மற்றவை செயலிழந்துவிடும். கலனைச் சூடாக்கியதன் மூலமே வேண்டாததை ஒதுக்கிவிட்டார்கள். ஆய்வகத்தில் இதைவிட நேர்த்தியான ஒரு தீர்வை நான் படித்ததில்லை. 1960களின் தொடக்கத்திலேயே ஈஸ்ட் ஆர்என்ஏயிலிருந்து செய்த ருசிப்பொருள் சந்தைக்கு வந்தது. டகேடா மருந்து நிறுவனமும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் நுண்ணுயிரின் நொதியைக் கொண்டு அதே களத்தில் இறங்கியது.

ஆனாலும் ஒரு குறை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆர்என்ஏயை வெட்டினால் நான்கு வகையும் சேர்ந்தே வரும். யூரிடின், சைடிடின் வகைகளுக்கு ருசி இல்லை. பாதிச் சரக்கு மூலையில் தேங்கியது. வேண்டிய பியூரினை மட்டும் ஒரு பாக்டீரியா நேரடியாகச் செய்து தராதா?

புறா எச்சம் காட்டிய வழி

அதற்கு முதலில், செல் பியூரினை எப்படிச் செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவைத் தந்தவை புறாக்கள். பறவைகள் உடலில் மிஞ்சும் நைட்ரஜனை யூரிக் அமிலமாக வெளியேற்றுகின்றன. யூரிக் அமிலமும் ஒரு பியூரின்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜான் புக்கானன் 1940களின் பிற்பாதியில் அடையாளமிட்ட கார்பன் கலந்த பொருள்களைப் புறாக்களுக்குக் கொடுத்து, எச்சத்தைச் சேகரித்து, அதிலிருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தார். பிறகு வளையத்தை உடைத்து, அடையாளம் எந்த அணுவில் வந்து நிற்கிறது என்று பார்த்தார். ஒரு கார்பன் கரியமில வாயுவிலிருந்து. இரண்டு ஃபார்மேட்டிலிருந்து. நடுவில் இருக்கும் இரண்டும், ஒட்டியிருக்கும் ஒரு நைட்ரஜனும் கிளைசினிலிருந்து. இப்படி ஒரே வளையத்துக்கு ஐந்தாறு இடங்களிலிருந்து சரக்கு வந்து சேர்ந்தது.

கிரீன்பர்க் என்ற மற்றொரு வேதியியலாளர் புறா ஈரலின் சாற்றில் வேலை செய்து, வளையம் தனியே உருவாகிச் சர்க்கரையில் ஒட்டுவதில்லை என்று காட்டினார். முதலிலிருந்தே சர்க்கரை பாஸ்பேட்டின் மேல் அணு அணுவாகக் கட்டப்பட்டு, முழுதாக முடிந்து நிற்கும் முதல் பொருள் இனோசினிக் அமிலம். அடினைன் வகையும் குவானைன் வகையும் அதிலிருந்தே கிளை பிரிகின்றன. ருசிப்பொருள், உயிரின் மையச் சந்தியிலேயே உட்கார்ந்திருந்தது.

1956இல் உயிர்வேதியியலுக்கு மற்றொரு வெளிச்சம் கிடைத்தது. ஒரு பாதையின் கடைசிப் பொருள் நிறைந்துவிட்டால், அது திரும்பி வந்து அந்தப் பாதையின் முதல் நொதியையே நிறுத்திவிடும் என்று அமெரிக்காவில் அம்பார்கரும், யேட்ஸும் பார்டியும் தனித்தனியே காட்டினார்கள். பியூரின் பாதையும் அப்படியே. ஏரியில் நீர் ஏறினால் மடை தானே அடைத்துக்கொள்வது போல, அடினைன் வகையும் குவானைன் வகையும் நிறைந்ததும் முதல் படி நின்றுவிடும். செல் ஏன் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு இதுதான் விடை. எங்கே கையை வைக்க வேண்டும் என்பதற்கும் இதுவே விடை.

வெல்வெட் துணியும் ஊனப்பட்ட பாக்டீரியாவும்

இங்கேதான் பேசிலஸ் சப்டிலிஸ் உள்ளே வருகிறது. நட்டோ என்ற சோயாப் பண்டத்தை நொதிக்கவைக்கும் பாக்டீரியாவும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஜப்பானியருக்குப் பழகிய உயிர், ஆபத்தில்லாதது, வேகமாக வளரும். இயல்பான சப்டிலிஸ் இனோசினைக் கொட்டாது. இனோசினிக் அமிலத்திலிருந்து அடினைன் வகைக்குப் போகும் கிளையை உடைத்துவிட்டால்? செல்லுக்கு அடினைன் செய்யத் தெரியாது. வெளியிலிருந்து ஊட்டினால்தான் வளரும். ஊட்டுவதை அளந்து, பட்டும் படாமல் கொடுத்தால் அடினைன் வகை ஒருபோதும் நிறையாது, முதல் நொதிக்குத் தடை வராது, பாதை ஓடிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாத இனோசினிக் அமிலம் உள்ளே குவியும். பாஸ்பேட் ஏறிய மூலக்கூறு செல்லின் சவ்வைக் கடக்க முடியாது. செல் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றி இனோசினாக வெளியே விடும்.

இந்த ஊனத்தை உண்டாக்குவது எப்படி? அன்று மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கருவி கிடையாது. பாக்டீரியாக் கலவையின்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். அல்லது நைட்ரோசோகுவானிடின் போன்ற கொடிய வேதிப்பொருளில் நனைப்பார்கள். பெரும்பாலானவை சாகும். பிழைத்தவற்றில் எங்கோ ஒன்றுக்கு, வேண்டிய இடத்தில் பிறழ்வு நேர்ந்திருக்கும். அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் தம்பதியர் 1952இல் வெளியிட்ட முறை உதவியது. எல்லாச் சத்தும் உள்ள அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி வளரவிட்டால் புள்ளிபுள்ளியாகக் கூட்டங்கள் முளைக்கும். வட்டமான கட்டையின் தலையில் வெல்வெட் துணியை இழுத்துக் கட்டி, தட்டைக் கவிழ்த்து அதன்மேல் மெல்ல அழுத்துவார்கள். துணியின் மயிரிழைகளில் ஒவ்வொரு கூட்டமும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அதே துணியை அடினைன் இல்லாத தட்டில் ஒற்றி, இடம் மாறாமல் அடையாளமிட்டு, ஓரிரவு வைப்பார்கள். மறுநாள் இரண்டு தட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முதல் தட்டில் இருந்து இரண்டாவதில் காணாமற்போன புள்ளி எதுவோ அதுதான் தேடிய உயிர். அதைக் கம்பி நுனியில் தொட்டெடுத்துக் குழாயில் போடுவார்கள். இந்த வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கட்டுரையிலும் இல்லை. நாம் இன்று சாப்பிடும் ருசியின் பெரும்பகுதி அவர்களுடைய கண்ணால் வந்தது.

1961இலேயே யமசா ஆய்வகத்திலிருந்து இவ்வகைப் பிறழ்வினங்களைப் பற்றிய கட்டுரை வந்துவிட்டது. அஜினோமோட்டோ நிறுவனமும் டகேடாவும் பின்தொடர்ந்தன. ஆனால் ஒரு கிளையை உடைத்தால் மட்டும் போதவில்லை. வெளியே விட்ட இனோசினையே செல் மறுபடி உள்ளே இழுத்துச் சிதைத்தது. அப்படிச் சிதைக்கும் நொதி நியூக்ளியோசைடு பாஸ்போரிலேஸ்; அதையும் இழந்த பிறழ்வினத்தைத் தேடினார்கள். குவானைன் பக்கம் கசிவு இருந்தது. அந்தக் கிளையையும் அடைத்தார்கள். பிறகு 8-அசாகுவானைன் என்ற போலிப் பியூரினை ஊட்டினார்கள். செல் அதை உண்மையான குவானைன் என்று நம்பித் தன் உற்பத்தியை நிறுத்தி, செத்துப்போகும். அந்த நஞ்சிலும் பிழைத்தவற்றுள், நிறைந்தாலும் நிறுத்தத் தெரியாதவை இருந்தன. குவானோசின் வேண்டியவர்கள் வேறு திசையில் போனார்கள்: குவானைன் கிளையைத் திறந்துவிட்டு, அதைத் திரும்பக் கொண்டுவரும் குறுக்குவழியை உடைத்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடை போயிற்று, ஒவ்வொரு சுற்றிலும் கிராம் கூடியது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் தொடங்கிய இனோசின் 20 கிராமைத் தாண்டியது.

அடினைன் அளவு தப்பினால் எல்லாம் கெட்டது. கொஞ்சம் குறைந்தால் பாக்டீரியா வளராது. கொஞ்சம் கூடினால் அருமையாக வளரும், இனோசின் வராது. கலன் நிறையக் கொழுத்த பாக்டீரியா, கையில் ஒன்றும் இல்லை. அந்த நடு அளவைப் பிடிப்பதுதான் கலன் நடத்துகிறவரின் திறமை.

இனோசின் கிடைத்ததோடு வேலை முடியவில்லை. மீனில் பார்த்தோம்: பாஸ்பேட் இல்லாவிட்டால் ருசி இல்லை. அதைத் திரும்ப ஒட்ட வேண்டும், அதுவும் ஐந்தாவது இடத்தில் மட்டும். அஜினோமோட்டோவின் யோஷிகாவா 1960களில் பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடைப் பாஸ்பேட் எஸ்டர் கரைப்பானில் கலந்து அதைச் சாதித்தார். ‘யோஷிகாவா முறை’ என்று இன்றும் உலகெங்கும் மருந்து வேதியியலாளர்கள் நியூக்ளியோடைடு மருந்துகளுக்கு அதையே கையாளுகிறார்கள். ருசிப்பொடிக்காகப் பிறந்த வினை அது.

மாங்கனீசு என்ற தொல்லை

கியோவா ஹாக்கோ இந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்று முடிவெடுத்தது. பாஸ்பேட்டோடு சேர்த்தே வெளியே விடும் பாக்டீரியா வேண்டும். அவர்கள் எடுத்தது இன்று கோரினேபாக்டீரியம் அமோனியாஜெனெஸ் என்று அழைக்கப்படும் உயிர். 1960களின் பிற்பாதியில் நாரா, மிசாவா, ஃபுருயா, கினோஷிதா குழு ஒரு விநோதத்தைக் கவனித்தது: ஊடகத்தில் மாங்கனீசு மிகக் குறைவாக இருந்தால்தான் இனோசினிக் அமிலம் வெளியே சேர்ந்தது. காரணம் அழகானது. இந்த உயிர் டிஎன்ஏக்கான மூலப்பொருளைச் செய்ய மாங்கனீசு கட்டாயம் தேவை. அது இல்லையென்றால் டிஎன்ஏ பெருகாது, செல் பிரியாது. ஆனால் உள்ளே மற்ற வேலைகள் நடந்துகொண்டே இருக்கும். செல் நீண்டு உப்பி, அதன் சவ்வு ஓட்டையாகும். ஹைப்போசாந்தினும் சர்க்கரை பாஸ்பேட்டும் அவற்றை இணைக்கும் நொதியும் வெளியே கசிந்து, வெளியிலேயே சேர்ந்து இனோசினிக் அமிலம் ஆகின்றன.

குடுவையில் இதைக் காட்டுவது எளிது. ஆலையில் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் மாங்கனீசு கூடினாலே போயிற்று. தண்ணீரில் மாங்கனீசு இருக்கும், மலிவான மூலப்பொருள்களில் இருக்கும், எஃகுக் கலனிலிருந்தும் வரலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு கறை, பெரிய கலன் ஒன்றின் முழு உழைப்பையும் பாழாக்கிவிடும். கடைசியில் உலோகத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டு, மீண்டும் பாக்டீரியாவிடமே போனார்கள். மாங்கனீசு நிறைய இருந்தாலும் பொருட்படுத்தாமல் இனோசினிக் அமிலம் தரும் பிறழ்வினத்தைத் தேடிப் பிடித்தார்கள். இந்த முழுத் தொடரிலும் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இது ஒன்று. சூழலைச் சுத்தப்படுத்த முடியாதபோது உயிரின் குணத்தை மாற்றுவது என்ற பாடத்தைத் தொழிற்சாலைகள் அங்கேதான் கற்றன.

குறிபார்த்த வெட்டு

மரபணுவைத் தனியே எடுத்துத் திருத்தும் காலம் வந்தபோது, முப்பதாண்டு கண்மூடித் தேடலில் கிடைத்த பட்டியல் தயாராக இருந்தது. எந்த மரபணுக்களை உடைக்க வேண்டும் என்று யாரும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1997இல் சப்டிலிஸின் முழு மரபணுத் தொகுதியும் ஐரோப்பிய, ஜப்பானிய ஆய்வகங்களின் கூட்டு முயற்சியால் வெளியானது. பியூரின் மரபணுக்கள் அனைத்தையும் ஒரே கையில் பிடித்து அடக்கும் பர்ஆர் என்ற புரதமும் அடையாளம் காணப்பட்டிருந்தது. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் அஜினோமோட்டோவின் ஷிமாவோகா, மட்சுயி முதலியோர் ஈ. கோலையை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் குறிபார்த்து வெட்டினார்கள். அடினைன் கிளையின் பர்ஏ போயிற்று. இனோசினைச் சிதைக்கும் டியோடி போயிற்று. அடக்கும் பர்ஆர் போயிற்று. முதல் நொதியான பர்எஃப்பை உடைக்கவில்லை. அதில் தடையை உணரும் இடங்களை மட்டும் திருத்தி, நிறைந்தாலும் நிற்காத நொதியாக்கினார்கள். குளுக்கோஸ் வழக்கமான பாதையில் எரிந்துபோகாமல் ஐந்து கார்பன் சர்க்கரையின் பக்கம் திரும்பும்படியும் வெட்டினார்கள். நியூக்ளியோசைடுக்கு வேண்டிய ரைபோஸ் அங்கிருந்துதான் வருகிறது. இயல்பாக இனோசினைத் துளியும் விடாத ஈ. கோலை, கிராம் கணக்கில் விடத் தொடங்கியது.

பாஸ்பேட் ஒட்டும் வேலைக்கும் நுண்ணுயிர் வந்தது. மார்கனெல்லா மார்கனி என்ற பாக்டீரியாவிடம் ஒரு பாஸ்பேட்டேஸ் இருக்கிறது. அதன் அன்றாட வேலை பாஸ்பேட்டைக் கழற்றுவது. ஆனால் மலிவான பைரோபாஸ்பேட்டைக் கொடுத்தால், அதிலிருந்து எடுத்து இனோசினின் ஐந்தாவது இடத்தில் ஒட்டவும் செய்தது. ஒட்டிய கையோடு மறுபடி கழற்றியும் விட்டது. டொயாமா மாகாணப் பல்கலைக்கழகத்தின் அசானோவும் அஜினோமோட்டோ ஆய்வாளர்களும் அந்த நொதியின் மரபணுவில் சில எழுத்துகளை மாற்றி, கழற்றும் குணத்தைக் குறைத்தார்கள். யோஷிகாவாவின் காரசாரமான வேதிப்பொருள்கள் செய்ததைத் தண்ணீரிலேயே நடத்தினார்கள்.

நம் ஊர்க் கடையில் விற்கும் உடனடி நூடுல்ஸ், சிப்ஸ் பொட்டலங்களின் பின்புறத்தில் ருசிகூட்டி 627, 631, 635 என்று பொடி எழுத்தில் இருக்கும். 627 குவானிலேட், 631 இனோசினேட், 635 இரண்டும் கலந்தது. இந்த எண்களைச் சொல்லி, பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று சில ஆண்டுகளாகச் செய்திகள் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவுகின்றன. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும் இனோசினேட் எடுக்க முடியும் என்பது உண்மை. லீபிக்கும் கொடாமாவும் அப்படித்தான் எடுத்தார்கள். கொழுப்பில் அது இருக்காது, தசையில் இருப்பது. தொழில்முறையில் இன்று அது பெரும்பாலும் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் தின்று வளரும் பாக்டீரியாவிடமிருந்தும், ஈஸ்ட் ஆர்என்ஏயிலிருந்தும் வருகிறது. சந்தேகம் உள்ளவர்கள் பொட்டலத்தின் பச்சைப் புள்ளியைப் பார்க்கலாம். சைவமல்லாத மூலம் இருந்தால் அந்தப் புள்ளியை அச்சிட இந்தியச் சட்டம் இடம் தராது.

மூலையில் தேங்கிய பாதிச் சரக்கை நான் மறக்கவில்லை. ருசியில்லாத யூரிடினையும் சைடிடினையும் யமசா வீசி எறியவில்லை. மருந்து மூலப்பொருளாக்கினார்கள். பக்கவாத நோயாளிகளுக்குச் சில நாடுகளில் தரப்படும் சிட்டிகோலின் சைடிடின் வழி வருவது. யூரிடினின் உறவான சூடோயூரிடினையும் யமசா பல ஆண்டுகளாகச் செய்து ஆய்வகங்களுக்கு விற்றுவந்தது. அதை வாங்க ஆள் அதிகமில்லை. 2005இல் கத்தலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் ஆர்என்ஏயில் யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடினை வைத்தால் உடல் அதை அந்நியமென்று எதிர்ப்பது தணிகிறது என்று காட்டினார்கள். அவர்கள் வேலை செய்ததும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில்தான், புக்கானன் புறா எச்சத்தைச் சேகரித்த அதே பல்கலைக்கழகம். கொரோனாவுக்கான ஆர்என்ஏ தடுப்பூசிகள் அந்த வழியில் வந்தன. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு. தடுப்பூசிக்கான மூலப்பொருளாகச் சோஷியிலிருந்து சூடோயூரிடின் கப்பலேறியது.

ஆனால் நியூக்ளியோசைடுகள் மருந்துக்கு வந்த பாதை இது ஒன்று மட்டும் அல்ல. 1980களில் எய்ட்ஸ் பரவியபோது, அதை எதிர்க்கும் முதல் மருந்தான ஏஇசட்டி செய்யத் தைமிடின் என்ற நியூக்ளியோசைடு தேவைப்பட்டது. அன்று அதன் முக்கிய மூலம் மீனின் விந்து. மருந்துக்காகக் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில், கையிருப்போ கிலோ கணக்கில். அந்தப் பற்றாக்குறையைத் தீர்க்க, தன் டிஎன்ஏயில் தைமினே இல்லாத ஒரு விசித்திர வைரஸிடமிருந்து மரபணுவைக் கடன் வாங்கினார்கள். அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.

(தொடரும்)